அட்டை போன மூன்று புத்தகங்கள்

கிருபைக்குத் தலைக்கனம் உண்டு. அதை மறைத்து வைத்துக்கொண்டு அவள் கதையைச் சொல்ல முடியாது. தூத்துக்குடியில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் போர்டிங் ஒன்றில் அவள் பதினோரு வருஷமாகச் சமையல்காரி. அறுபது பிள்ளைகளுக்குக் காலையில் கஞ்சி, மற்ற இரண்டு வேளையும் சோறு. மூன்று பெரிய பானைகளை ஒன்றாக அடுப்பில் ஏற்றி, ஒன்றிலும் அடிபிடிக்க விடாமல் இறக்குவாள். நடக்கும்போது கழுத்து நிமிர்ந்தே இருக்கும். சின்ன வயதில் தண்ணீர்க் குடம் சுமந்து அப்படி ஆகிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொல்லுவாள். அதெல்லாம் சும்மா. கர்வம்தான், அது அவளுக்குப் பொருந்தியும் இருந்தது.

அந்தக் கர்வத்துக்குக் காரணம் ஒரு தகர டின்.

தெற்கத்திக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு டின்னில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்கு எல்லாரும் டின்னோடு வருவார்கள். அளந்து சாக்கில் கொட்டி, கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அனுப்பிவைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையன்று, அந்த மாதம் யார் டின்னில் எவ்வளவு என்று கோயிலில், சர்ச்சை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், சபை முழுக்கக் கேட்க வாசிப்பார்கள். அதிகம் கொடுத்தவர் பெயர் முதலில் வரும். பெயர் வாசித்ததும் அவர் எழுந்து நிற்க வேண்டும்.

பதினோரு வருஷமாக முதலில் வந்த பெயர் கிருபை. பஞ்சுக் கம்பெனி மேனேஜர் மனைவி, கஸ்டம்ஸ் ஆபீஸ் பெரிய கிளார்க் மனைவி, டீச்சர்கள், நர்சுகள் எல்லாரும் அவளுக்குப் பின்னால்தான். அவர்கள் டின்னில் ஒரு படி இருக்கும், மிஞ்சினால் ஒன்றரை. கிருபையின் டின்னில் ஐந்து படிக்குக் குறைந்ததில்லை. பட்டுச் சேலைகளுக்கு நடுவில் நூல் சேலையோடு முதலில் எழுந்து நின்று, நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருவாள். இதற்காகவே பண்டிகைக்குப் பத்து நாளைக்கு முன்பே அந்தச் சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைப்பாள். ஒருத்திக்கு வருஷத்தில் ஒரு நாள் இப்படி வாய்த்தால் போதாதா என்ன.

மற்றபடி அவள் வாழ்க்கையில் எழுந்து நிற்கும்படி ஒன்றும் நடந்ததில்லை. சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர். நாசரேத்து போர்டிங்கில் நாலாவது வகுப்பு வரை படித்தாள். பதினெட்டு வயதில் தனராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிக்கு முத்திரை போடுகிறவன். மூன்றாவது வருஷம் ஒரு காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் பத்து வருஷம் இருந்து பார்த்துவிட்டு, இதைவிட அடுப்பு மேல் என்று போர்டிங்குக்கு வந்தாள். நாலாவது வகுப்புப் படிப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. பொட்டலம் பிரித்தால் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்த பிறகுதான் கடுகைத் தாளிப்பாள்.

புத்தகம் அவளுக்கு வந்ததும் அந்தப் பொட்டலம் வழியாகத்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் எதுவும் சுளுவாகக் கிடைக்காத காலம் அது. அரிசி ரேஷன், மண்ணெண்ணெய் ரேஷன், காகிதமும் தட்டுப்பாடு. பலசரக்குக் கடைக்காரர்கள் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிக் கிழித்துச் சாமான் மடித்தார்கள். போர்டிங்குக்குச் சாமான் வாங்குவது மந்திரமூர்த்தி அண்ணாச்சி கடையில். ஒரு நாள் அவர் ஒரு முழுப் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகக் கிழித்து மிளகாய் வற்றல் மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல புத்தகத்த ஏன் அண்ணாச்சி கிழிக்கிய?" என்று கேட்டாள் கிருபை.

"மொளகா மடிக்கதுக்குத்தான் வாங்கிப் போட்டிருக்கேன், படிக்கதுக்கா? நீ படிக்கியான்னா கொண்டுபோ தாயி. முடிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்திரு, எனக்கு மல்லி மடிக்க ஆகும்."

அப்படி அந்த வருஷம் அவள் கைக்கு மூன்று புத்தகங்கள் வந்தன. மூன்றிலும் அட்டை இல்லை, முதல் பத்துப் பதினைந்து பக்கங்களும் இல்லை. ஆகவே பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு முதலிலிருந்தே இல்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாயங்கால உலை வைக்கிற வரைக்கும் இரண்டு மணி நேரம் அவளுடையது. விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து வாசிப்பாள். சும்மா வாசிக்க மாட்டாள், கையில் ஒரு அடுப்புக்கரித் துண்டு இருக்கும். எழுதியவர் சொன்னது சரி என்று பட்டால் ஓரத்தில் ஒரு கோடு, தப்பு என்று பட்டால் ஒரு பெருக்கல் குறி. ஊர் உலகத்துக்குப் புத்தி சொல்லப் புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு சமையல்காரி மார்க் போட்டாள். அவர்களுக்கு இது தெரியாமல் போனது நல்லதுதான்.

முதல் புத்தகம் விசுவாசத்தைப் பற்றியது. ஆண்டவரிடம் சோறு கொடு, துணி கொடு என்று கேட்பது சின்னப் பிள்ளைத்தனம், ஒன்றும் கேட்காமல் அவர் முன்னால் நிற்கப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தது. இந்த மனுஷனுக்கு யாரோ வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். வெறும் பானையைப் பார்த்தவன் இப்படி எழுத மாட்டான். போட்டாள் ஒரு பெருக்கல் குறி. பாதிக்கு மேல் அவர் பேச்சு கொஞ்சம் பிடித்துப்போனது, நாலைந்து கோடுகள் விழுந்தன. ஆனால் ஓரிடத்தில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. நீ கொடுத்த பிறகு உன்னிடத்தில் எங்கே குறைந்திருக்கிறது என்று தேடிப் பார், எங்கேயும் குறையவில்லை என்றால் நீ இன்னும் கொடுக்கவே தொடங்கவில்லை என்று இருந்தது. ஐந்து படி கொடுக்கிற கிருபைக்கு எங்கேயும் குறையவில்லை. பொறாமை பிடித்தவன் போல எழுதியிருக்கிறானே என்று, பக்கம் முழுவதையும் அடைக்கிற மாதிரி பெரிய பெருக்கல் குறியாகப் போட்டுவிட்டுப் பானை கழுவப் போய்விட்டாள்.

இரண்டாவது புத்தகம் சாப்பாட்டைப் பற்றியது. யாரோ வைத்தியர் எழுதியது. புளியை விடு, மிளகாயை விடு என்றார். சரி, போகட்டும். உப்பையும் விடு என்றார். ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று முகத்தில் அறைகிற ஊரில் இதை வாசித்துவிட்டு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். ஆனால் அரிசியைப் பற்றி அந்த வைத்தியர் சொன்னதில் விஷயம் இருந்தது. அரிசியைத் தும்பைப் பூவாகத் தீட்டாதே, வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதே, சத்தெல்லாம் அதில்தான் போகிறது என்றார். மறுநாளே வடிகஞ்சியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் கொடுத்தாள். ஒரு மாதத்தில் பிள்ளைகள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதில் ஒரு கர்வம். அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது, எந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை அவுன்ஸ் அரிசி வேண்டும் என்று. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திருப்பிவிட்டாள். ரேஷனில் வருவதும் அதுவும் பக்கத்தில்கூட வராது, பார்த்து என்ன செய்ய.

மூன்றாவது புத்தகம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அது தன்னைத் தான் அறிகிற விஷயம். படிக்க லேசாக இருந்தது, முழுவதும் கேள்விகள். ஒரு பக்கத்தில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தது. உனக்கு எதில் பெருமையோ அதை ஒன்று எடுத்துக்கொள், அது உன் கைக்கு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போ, விடாமல் போ, போய்ச் சேருகிற இடத்தில் இருப்பது நீதானா என்று பார். அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் இல்லை. கடைசிப் பக்கங்கள் எல்லாம் கிழிந்து போயிருந்தன.

கிருபை கடைக்கே போய்க் கேட்டாள். அண்ணாச்சி கையை விரித்தார். அது மல்லிப் பொட்டலமாக எந்த வீட்டுக்குப் போனதோ, யார் கண்டது.

பதில் இல்லாத கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. அன்றைக்கே விறகுக் கட்டையில் உட்கார்ந்து பயிற்சியைத் தொடங்கினாள். பெருமை எதில்? யோசிக்கவே வேண்டாம், டின்தான். டின்னில் அரிசி எப்படி வந்தது? என் கை போட்டது. கை எங்கிருந்து எடுத்தது? உலைக்கு அளந்து வைத்த அரிசியில் இருந்து. அளந்து வைத்த அரிசி யாருடையது? ரேஷன் அரிசி. யார் பெயரில் வந்த ரேஷன்?

அங்கே நின்றுவிட்டாள்.

அரிசியை உலையில் போடுகிற கைதான் பிடி எடுக்க வேண்டும் என்பது அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போர்டிங்கில் உலை வைத்தது கிருபை, ஆகவே எடுத்தது கிருபை. பானைக்கு ஒரு பிடி என்று இரண்டு வேளையும் சேர்த்து நாளைக்கு ஆறு பிடி. ஒளித்து எடுக்கவில்லை, எல்லார் முன்னாலும் ஜெபம் சொல்லித்தான் எடுத்தாள். மூடை மூடையாக அரிசி வந்த காலத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து வரத் தொடங்கியபோதும் கை பழகினபடியே எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆறு பிடியையும் ஒரு துணியில் முடிந்து அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தாள். பிறகு வைத்தியர் புத்தகத்தை எடுத்துப் பட்டியலைப் பார்த்தாள். பட்டியலைவிட எவ்வளவோ குறைவாக ரேஷனில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வருகிற அரிசி கிட்டத்தட்ட முழுவதும் அந்த முடிச்சில் இருந்தது. அறுபது தட்டில் பரவிப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். தீர்ந்துட்டு, போ என்று அவள் அதட்டிய பிள்ளைகள். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் தட்டை நக்கிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. கிருபை அழுதாள். சத்தம் போட்டுத்தான் அழுதாள். அடுக்களையில் புகை இருப்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அழுது முடித்துவிட்டு முதல் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பெரிய பெருக்கல் குறியை முந்தானையால் துடைத்தாள். கரி போகவில்லை, பக்கம் முழுவதும் ஈஷிக்கொண்டு கறுப்பானது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டாள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் அரிசியில் அவள் பிடி எடுக்கவில்லை. தனக்கு என்று வருகிற அரிசியை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தனியே அளந்து, அதிலிருந்து ஒரு சின்னப் பிடி எடுத்து டின்னில் போட்டாள். அந்த அளவு குறைத்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு வயிறு கேட்கும். எங்கே குறைந்திருக்கிறது என்று இப்போது அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

மாதக் கடைசியில் டின்னில் அரைப் படி இருந்தது. அதையே கொண்டுபோனாள். மாதர் சங்கத்துச் செயலாளர் ரோஸ் டீச்சர். போர்டிங்குக்கும் அந்த அம்மாள்தான் பொறுப்பு, கிருபைக்கு எஜமானி மாதிரி. அளந்து பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை மற்றவர்கள் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டார்கள். கிருபைக்குப் பக்தி குறைஞ்சிட்டு. அரிசி வெளியே போகுதோ என்னவோ. அடுத்த மாதமும் அரைப் படிதான். இப்போது பேச்சு அவள் காதுக்குக் கேட்கும்படியே நடந்தது. ஐந்து படி திருட்டு அரிசி கொடுத்தபோது கும்பிட்டவர்கள், சொந்த அரிசி அரைப் படி கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தப் பதினோரு வருஷப் பெயர் அப்படியே நிற்கும், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன்னுடையது அல்லாத கர்வத்தை வைத்துக்கொள்ள அவள் கர்வம் இடம் கொடுக்கவில்லை.

சங்கத்தில் ரோஸ் டீச்சர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அரிசி அளந்த பிறகு டின்களோடு வருகிற பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். வருகிற பெயர்க்காரி அடுத்த கூட்டத்தில் தான் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். படிக்காதவர்கள் ஒரு கீர்த்தனை பாடிவிட்டு உட்காரலாம். அந்த மாதம் வந்தது கிருபை பெயர். அதற்கு முன்பும் ஒரு தடவை வந்திருக்கிறது, அப்போது பாடினாள்.

"நீ ஒரு கீர்த்தனை பாடிரு கிருபை, போன தடவ நல்லாத்தான பாடின" என்றார் ரோஸ் டீச்சர்.

"பாட்டு வேண்டாம் டீச்சர். நான் மூணு புத்தகம் படிச்சிருக்கேன், அதப் பத்திப் பேசுதேன்."

என்ன புத்தகம் என்று கேட்டார். பெயர் தெரியாது, அட்டை இல்லை என்றாள் கிருபை. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரோஸ் டீச்சர் சிரிக்கவில்லை, நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் கஞ்சி போட்ட அந்த நூல் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். பண்டிகைக்குத் தவிர அதை வெளியே எடுத்ததில்லை. போர்டிங்கில் பெரிய பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று புத்தகங்களையும் மேஜையில் வைத்துக்கொண்டு, மந்திரமூர்த்தி அண்ணாச்சி மிளகாய் மடித்ததுபோக மிச்சம் தனக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பித்தாள். கேட்காமல் நிற்கச் சொன்ன மனுஷனுக்குத் தான் போட்ட பெருக்கல் குறியைக் காட்டினாள். உப்பை விடச் சொன்ன வைத்தியரைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கிருபை இப்படிப் பேசுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. மார்க் போட்ட பக்கங்களை அவள் புரட்டுகிற விதத்தைப் பார்த்து, முன்வரிசை டீச்சர்கள் மடியிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. அந்த நிமிஷத்தோடு உட்கார்ந்திருந்தால் ஊர் முழுக்கப் புகழ்ந்திருக்கும்.

அவள் மூன்றாவது புத்தகத்தை எடுத்தாள். பயிற்சியை வாசித்துக் காட்டினாள். கடைசிப் பக்கம் இல்லை, அதனால் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள்.

"பதினோரு வருஷமா என் டின்னுல வந்தது என் அரிசி இல்ல. பிள்ளைய அரிசி. உலையில போடுத கைதான் பிடி எடுக்கணும்னு எங்கம்ம சொல்லிக்குடுத்தா. எங்கம்ம பானையில எங்க வீட்டு அரிசி கெடந்துச்சு. நான் எடுத்த பானையில அறுபது பிள்ளைய அரிசி கெடந்துச்சு. நான் அத யோசிக்கவே இல்ல. யாருக்குக் குறையுதோ அவுகதான் குடுத்தவுக. எனக்கு ஒரு நாளும் குறையல."

கிருபை புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இப்ப ரெண்டு மூணு மாசமா வாரது அரைப் படி. அது நான் திங்காத சோறு. அதக் கொறச்சல்னு யாரும் சொல்லாதீங்க."

போய் உட்கார்ந்தாள். புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே ரோஸ் டீச்சர் அடுக்களைக்கு வந்து அரிசி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். இனி நானே அளந்து தருகிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் அதிகமாக வலித்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. பதினோரு வருஷமாக இடுப்பில் கிடந்த சாவி இல்லாமல் கிருபைக்கு நடையே ஒரு மாதிரி ஆனது. ஆனால் கழுத்து இறங்கவில்லை. சங்கத்துப் பெண்கள் வழியில் பார்த்தால் பேசாமல் போனார்கள். பிள்ளைகள் மட்டும் முன்னைவிட அதிகமாக அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். சாவி இல்லாத அடுக்களையில் அவள் ஆறு பானை சோறும் முன்போலவே அடிபிடிக்காமல் இறக்கினாள்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் ரோஸ் டீச்சர் வந்தார். கிருபை விறகுக் கட்டையிலிருந்து எழுந்திருக்கப் போனாள். இரு என்று சொல்லிவிட்டு, டீச்சரும் கவிழ்த்து வைத்திருந்த உரலின்மேல் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

டீச்சர் வீட்டில் சமையல் செய்கிறவள் முப்பிடாதி. மாப்பிள்ளையூரணியிலிருந்து நடந்து வருகிறவள், தன் ஊர் அம்மனின் பெயரைத் தாங்கியவள், கோயில் வாசலை மிதித்ததில்லை. ஆனால் டீச்சர் வீட்டுப் பிடி அரிசியை இத்தனை வருஷமும் டின்னில் போட்டுவந்தது அவள் கைதான். கிருபை பேசியதைக் கேட்ட பிறகு டீச்சருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. நம் வீட்டில் இந்தப் பிடி யாருக்குக் குறைகிறது என்று முப்பிடாதி சாப்பிடுகிற நேரத்தில் அடுக்களைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். தட்டில் பாதிக்குத்தான் சோறு, மேலே நிறையத் தண்ணீர். கேட்டதற்கு அவள் சாதாரணமாகச் சொன்னாளாம், எல்லாருக்கும் போட்டு மிச்சம் இருக்கிறதுதானே எனக்கு, பிடி எடுக்கிறதால் கொஞ்சம் குறையும், சாமி காரியம்தானே என்று.

"எந்தச் சாமின்னு அவ ஒரு நாளும் கேட்டதில்ல கிருபை" என்றார் ரோஸ் டீச்சர்.

டீச்சர் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். பிறகு அந்த மூன்றாவது புத்தகத்தைப் படிக்கத் தர முடியுமா என்று கேட்டார்.

"கடைசிப் பக்கம் கிடையாது டீச்சர்."

"அது உனக்குக் கிடைக்காமப் போனதே நல்லதுன்னு இப்பத் தோணுது. கொடு."

பண்டிகை அன்றைக்குக் கோயில் நிறைந்திருந்தது. போர்டிங் பிள்ளைகள் அறுபது பேரும் வெள்ளைப் பாவாடையில் இடது பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஜேசுபாதம் பட்டியலை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார். இந்த வருஷப் பெயர்களுக்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் போன வருஷங்களின் பட்டியலில் இரண்டு திருத்தங்கள் கொடுத்திருக்கிறார் என்றார். சபை காதைத் தீட்டிக்கொண்டது. முதல் இடத்தில் கிருபை என்று வாசிக்கப்பட்டதை எல்லாம் போர்டிங் பிள்ளைகள் என்று திருத்திக்கொள்ள வேண்டும். ரோஸ் என்று வாசிக்கப்பட்டதை எல்லாம், இங்கே உபதேசியார் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், முப்பிடாதி என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

அம்மன் பெயர் அந்தக் கோயிலில் அதற்கு முன் கேட்டதில்லை. கூரையில் போய் ஒரு முட்டு முட்டிவிட்டுத் திரும்பி வந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற முப்பிடாதி, கூப்பிட்டாப்பல இருக்கே என்று எட்டிப் பார்த்தாள். கிருபைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெயர் வாசித்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது வழக்கம். பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரோஸ் டீச்சர் கையைக் காட்டியதும் அறுபது பேரும் எழுந்தார்கள். தாங்கள் கொடுத்தது சின்னப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டை நக்கிவிட்டுப் போனவள் முன்வரிசையில் நின்றாள். வளர்ந்திருந்தாள். அவளைப் பார்த்தபோது கிருபைக்குத் தன் பெயர் முதலில் வாசிக்கப்பட்ட எந்த வருஷத்திலும் இல்லாத சந்தோஷம் வந்தது.

பிறகு இந்த வருஷப் பட்டியல். பஞ்சுக் கம்பெனி அம்மாள் ஒன்றரைப் படி. கஸ்டம்ஸ் அம்மாள் ஒன்றேகால். ஒவ்வொருவராக எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். அளவு இறங்கி இறங்கி வந்தது. ரோஸ், முக்கால் படி என்றார் உபதேசியார். டீச்சர் எழுந்து நின்றார். தன் தட்டில் குறைத்து எடுத்த அரிசி அது என்று கிருபைக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு பெயர் மிச்சம் இருந்தது.

"கிருபை, அரைப் படி."

அவள் எழுந்தாள். நூல் சேலை மொரமொரத்தது. இந்தத் தடவை நாலு பக்கமும் பார்க்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ தும்மினார்கள். உபதேசியார் காகிதத்தை மடித்துவிட்டு, அடுத்த ஜெபத்துக்குப் போகலாமா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். கிருபை உட்காரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டாள். அந்த அரைப் படி அவளுடையது.